நீறு பூத்த நெருப்பு: உடம்புக்குள் உறங்கும் காசநோயைத் தெரிந்துகொள்வோம்

(நலம் அறிவோம் பகுதி. குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டு, கடைசியில் உள்ள கேள்விகளைப் பேச வேண்டுகிறோம்.)



ஒரு குழுக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்லி இந்தப் பாடத்தைத் தொடங்குகிறோம். குழுவின் பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டாம். நம்ம எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான்.

சேமிப்பு வசூல் முடிந்து உள்கடன் கேட்கும் நேரம். ஒரு உறுப்பினர் தயங்கித் தயங்கி, "எனக்கு மூவாயிரம் ரூபா வேணும்க்கா" என்றார். எதற்கு என்று ஊக்குநர் கேட்டார். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு சொன்னார்: "வீட்டுக்காரருக்கு டி.பி.ன்னு சொல்லிட்டாங்க. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருக்கார். எனக்கும் மூணு வயசுப் பிள்ளைக்கும் அது இருக்கான்னு டவுன்ல ரத்த டெஸ்ட் எடுக்கணும்."

அதுவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் அதைப் பார்த்துவிட்டார். கண் கலங்கியது.

"இன்னொண்ணும் இருக்குக்கா. நர்ஸம்மா வீட்டுக்கு வந்து, நோய் இல்லாட்டியும் நீங்க எல்லாரும் மாத்திரை சாப்பிடணும்னு சொல்றாங்க. எங்க மாமியார், நல்லா இருக்கிற உடம்புக்கு எதுக்கு மாத்திரை, ஊரெல்லாம் தெரியணுமான்னு வேண்டாம்னுட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

இந்தப் பேச்சில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, இவர் பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்கு ஒட்டிக்கொள்ளுமா? இரண்டு, மூவாயிரம் கடன் வாங்கி அந்த ரத்தப் பரிசோதனை செய்யத்தான் வேண்டுமா? மூன்று, நோயே இல்லாதவர் எதற்கு மாத்திரை சாப்பிட வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தொற்று வேறு, நோய் வேறு

காசநோய் ஒரு கிருமியால் வருகிறது. 1882-ம் ஆண்டு மார்ச் 24-ம் தேதி ராபர்ட் காக் என்ற ஜெர்மன் மருத்துவர் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அதனால்தான் ஒவ்வொரு வருஷமும் அந்த நாளை உலகக் காசநோய் தினமாக நடத்துகிறார்கள். பாவத்தாலோ பரம்பரையாலோ வருகிற நோய் இல்லை இது.

நுரையீரலில் காசநோய் உள்ளவர் இருமும்போது கிருமி காற்றில் கலக்கிறது. அந்தக் காற்றைச் சுவாசிப்பவரின் நுரையீரலுக்குள் போகிறது. தட்டு, டம்ளர், துணி, கை தொடுவது, ஒன்றாகச் சாப்பிடுவது, இவற்றால் பரவாது.

கிருமி உள்ளே போனவர்கள் எல்லாரும் நோயாளி ஆகிவிடுவது இல்லை. நம்ம உடம்பில் இருக்கும் எதிர்ப்பு சக்தி அந்தக் கிருமியைச் சுற்றி வளைத்துக் கட்டிப்போடுகிறது. கிருமி சாகாமல், பெருகாமல், அப்படியே உறங்கிக் கிடக்கும். இதற்குப் பெயர்தான் மறைநிலைக் காசநோய்த் தொற்று. இருமல் இருக்காது, காய்ச்சல் இருக்காது, எடை குறையாது. ஆள் வயலுக்கும் போவார், நூறு நாள் வேலைக்கும் போவார்.

அடுப்பில் நெருப்பை அணைத்துவிட்டோம் என்று நினைப்போம். மேலே சாம்பல் மட்டும் தெரியும். காலையில் ஒரு தென்னை மட்டையை வைத்து ஊதினால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். நீறு பூத்த நெருப்பு என்று நம்ம பெரியவர்கள் சொல்வது இதைத்தான். மறைநிலைத் தொற்றும் அப்படித்தான். சாம்பலுக்குள் இருக்கும் நெருப்பு பக்கத்து ஓலையைப் பிடிக்காது. அதேபோல், மறைநிலைத் தொற்று உள்ளவரிடமிருந்து யாருக்கும் காசநோய் பரவாது. ஆனால் ஊதிவிட ஒரு காரணம் கிடைத்தால் அது நோயாக மாறும்.

யாருக்கு அது பற்றிக்கொள்ளும்?

உலக மக்களில் நாலில் ஒருவருக்கு இந்தத் தொற்று இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நம்ம நாட்டில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்குச் சுமார் 31 பேருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. அப்படியானால் பதினைந்து பேர் உள்ள நம்ம குழுவில் நாலைந்து பேருக்கு இருக்கலாம். நகர்ந்து உட்கார்ந்த அந்த இரண்டு பேரும் அதில் அடக்கமாக இருக்கலாம்!

இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தொற்று உள்ள 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது அது நோயாக மாறும். மற்றவர்களுக்குக் கடைசிவரை உறங்கியபடியே கிடக்கும். கிருமி உள்ளே போன முதல் இரண்டு வருஷத்தில்தான் ஆபத்து அதிகம்.

சிலருக்கு மட்டும் சீக்கிரம் பற்றிக்கொள்ளும். அவர்கள் யார்?

1. காசநோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள். இவர்களுக்குக் கிருமி புதிதாகவும் நிறையவும் போயிருக்கும்.

2. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள். இவர்களுக்கு எதிர்ப்பு சக்தி இன்னும் முழுசாக வளரவில்லை. நோய் வந்தால் மூளைக்கும் போகலாம்.

3. எச்.ஐ.வி. உள்ளவர்கள். இவர்களுக்கு ஆபத்து பல மடங்கு.

4. சர்க்கரை நோய் உள்ளவர்கள், சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்பவர்கள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள்.

5. கல் உடைக்கும் இடத்தில் தூசியைச் சுவாசித்து நுரையீரல் பாதித்தவர்கள்.

6. பீடி, சிகரெட், குடிப்பழக்கம் உள்ளவர்கள்.

7. வயிறாரச் சாப்பாடு இல்லாதவர்கள். எல்லாருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பெண்கள் இந்த வரிசையில் வருவார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

பரிசோதனை எப்படி? அது என்ன சொல்லும், என்ன சொல்லாது?

மறைநிலைத் தொற்றில் கிருமி சளியில் வராது. எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது? கிருமியை நேராகப் பார்க்க முடியாது. நம்ம உடம்புக்கு அந்தக் கிருமியை முன்பே அடையாளம் தெரியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். திருடனைப் பார்க்காவிட்டாலும் நாய் குரைப்பதை வைத்துக் கண்டுகொள்வது போல.

இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

மாண்டூ டெஸ்ட்: முன்கையில் தோலுக்குள் 0.1 மில்லி மருந்து மட்டும் ஊசியில் போடுவார்கள். 48 முதல் 72 மணி நேரத்துக்குள், அதாவது இரண்டு மூன்று நாளில், திரும்பப் போய்க் காட்ட வேண்டும். அந்த இடம் தடித்திருந்தால் எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார்கள். சிவந்திருப்பதை அளக்க மாட்டார்கள், கையில் தட்டுப்படும் தடிப்பைத்தான் அளப்பார்கள். பொதுவாக 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் தொற்று உண்டு என்று கொள்வார்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்கு 5 மில்லிமீட்டரே போதும். ஊசி போட்டுக்கொண்டு, வேலை இருக்கிறது என்று மூன்றாம் நாள் போகாமல் விட்டால் ஊசி போட்டதே வீண். இதில் ஒரு குறையும் உண்டு. பி.சி.ஜி. தடுப்பூசி போட்டவருக்கும் சில சமயம் தடித்துவிடும்.

சை-டிபி: இதுவும் தோலில் போடும் ஊசிதான். இரண்டு மூன்று நாளில் அளப்பதும் அப்படியேதான். 5 மில்லிமீட்டர் தடித்தால் தொற்று உண்டு. பி.சி.ஜி. போட்டிருந்தாலும் இது குழம்பாது. 2022-ல் இதற்கு நம்ம நாட்டில் அனுமதி கிடைத்தது.

இக்ரா: இது ரத்தப் பரிசோதனை. இதையும் பி.சி.ஜி. குழப்பாது. திரும்பவும் போய்க் கையைக் காட்ட வேண்டியது இல்லை. ஆனால் வெளியே எடுத்தால் செலவு ஆயிரக்கணக்கில் ஆகும். நம்ம உறுப்பினர் கடன் கேட்டது இதற்காகத்தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இந்த மூன்று பரிசோதனையும் கிருமி உள்ளே போயிருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். அது உறங்குகிறதா, விழித்து நோயாகிவிட்டதா என்று சொல்லாது. ஆகவே, "டெஸ்ட் பாசிடிவ், டி.பி. வந்திருச்சு" என்று யாரும் அழ வேண்டாம். "நெகட்டிவ், இனி கவலை இல்லை" என்று நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது. கிருமி போய்ச் சில வாரம்தான் ஆகியிருந்தாலோ, உடம்பு ரொம்ப மெலிந்திருந்தாலோ, எச்.ஐ.வி. இருந்தாலோ, தொற்று இருந்தும் இல்லை என்று வரலாம்.

இன்னொரு எச்சரிக்கை. ரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்த்து டி.பி. என்று சொல்லும் ஒரு வகைப் பரிசோதனை முன்பு தனியார் லேப்களில் நிறைய நடந்தது. அதை நம்ப முடியாது என்று 2012-ல் இந்திய அரசே தடை செய்துவிட்டது. நோய் இருக்கிறதா என்று பார்க்க சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும்தான் வழி. அரசு மருத்துவமனையில் இரண்டும் இலவசம்.

டெஸ்டுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி

வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தால், முதலில் கேட்க வேண்டியது "நமக்குத் தொற்று இருக்கா?" என்பது அல்ல. "நம்ம வீட்டில் வேறு யாருக்காவது நோயே வந்திருக்கா?" என்பதுதான்.

வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் பார்த்துக் கேளுங்கள்: இரண்டு வாரமாக இருமல் உண்டா? சாயங்காலக் காய்ச்சல் உண்டா? ராத்திரி வேர்க்கிறதா? எடை குறைந்ததா, பசி இல்லையா? சளியில் ரத்தம் வந்ததா? கழுத்தில் கட்டி உண்டா? குழந்தை என்றால் எடை ஏறாமல் நிற்கிறதா, விளையாடாமல் சோர்ந்து கிடக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டாலும் வசதி இருக்கும் இடத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் தடுப்பு மாத்திரை. இந்த வரிசை ஏன் முக்கியம்? நோய் வந்தவர் உடம்பில் கிருமி ஏராளமாக இருக்கும். அதற்கு நாலு மருந்து சேர்த்துக் கொடுத்துச் சிகிச்சை தொடங்குவார்கள். தடுப்புக்கு ஒன்று இரண்டு மருந்துதான். நோய் உள்ளவருக்குத் தடுப்பு மாத்திரையை மட்டும் கொடுத்தால், களையை மேலாகக் கிள்ளிவிட்டது போல ஆகும். தப்பிய கிருமி அந்த மருந்துக்கு அடங்காமல் வளரும்.

நல்லா இருக்கிற உடம்புக்கு எதற்கு மாத்திரை?

மாமியார் கேட்டது நியாயமான கேள்விதான். பதில் இதுதான்: சாம்பலுக்குள் இருக்கும் நெருப்பைத் தண்ணீர் தெளித்து அணைப்பதற்கு. தடுப்பு மாத்திரையை ஒழுங்காக முடித்தவருக்குப் பின்னால் நோய் வரும் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைகிறது.

2021-ம் ஆண்டு வந்த தேசிய வழிகாட்டுதலின்படி, நுரையீரல் காசநோய் உள்ளவரோடு ஒரே வீட்டில் இருக்கும் எல்லாருக்கும், நோய் இல்லை என்று பார்த்த பிறகு, தடுப்பு மாத்திரை இலவசம். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கும் எச்.ஐ.வி. உள்ளவருக்கும் தொற்றுப் பரிசோதனைகூடத் தேவையில்லை. மற்றவர்களுக்குப் பரிசோதனை கிடைத்தால் செய்வார்கள். கிடைக்கவில்லை என்பதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

ஆக, நம்ம உறுப்பினர் எந்தக் குழந்தைக்காகக் கடன் வாங்கி டெஸ்ட் எடுக்க நினைத்தாரோ, அந்தக் குழந்தைக்கு டெஸ்டே தேவையில்லை. தேவைப்பட்டது மாத்திரை. அதைத்தான் வீடு தேடி வந்து சொன்ன நர்ஸம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

மாத்திரை இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஐசோனியசிட் மாத்திரையைத் தினம் ஒரு வேளை, ஆறு மாதம். அல்லது ஐசோனியசிட்டும் ரிஃபாபென்டினும் சேர்த்து வாரம் ஒரு நாள், மூன்று மாதம். மொத்தம் 12 வேளைதான். யாருக்கு எது என்று டாக்டர் முடிவு செய்வார். வீட்டு நோயாளிக்கு மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் என்றால் தடுப்பு மாத்திரையும் வேறு மாதிரி இருக்கும்.

பெண்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை:

கர்ப்பமாக இருந்தால் அல்லது நாள் தள்ளிப்போயிருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். வாரம் ஒருமுறை சாப்பிடும் மாத்திரை கர்ப்பிணிக்குக் கொடுப்பதில்லை.

கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர் சொல்லுங்கள். ரிஃபாபென்டின் சேர்ந்தால் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது. வேறு வழி தேவைப்படும்.

மஞ்சள் காமாலை இருந்தால், வேறு எந்த மாத்திரை சாப்பிட்டாலும், வீட்டில் குடிப்பவர் இருந்தால் அவரைப் பற்றியும் சொல்லுங்கள்.

மாத்திரை சாப்பிடும்போது சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் அது ரிஃபாபென்டினால் வருவது, பயம் வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, சாப்பாடே பிடிக்காமல் போனாலோ, கை கால் மரத்துப்போனாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மரத்துப்போகாமல் இருக்க பி6 வைட்டமின் மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பார்கள், அதையும் விடாதீர்கள்.

பி.சி.ஜி. போட்டாச்சே, போதாதா?

பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. குழந்தைகளை மூளைக் காசநோய் போன்ற கடுமையான வகைகளிலிருந்து காக்கிறது. அதனால் கட்டாயம் போட வேண்டும். ஆனால் பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அன்றைய நம்ம செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கிய பெரிய ஆராய்ச்சியும் இதைத்தான் காட்டியது.

ஒதுக்கிவைத்தால் நோய் போகுமா?

சென்னை சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1956-ல் அது தொடங்கியபோது செய்த முதல் பெரிய ஆய்வு இதுதான்: நோயாளிகளில் ஒரு பாதியைத் தனி ஆஸ்பத்திரியில் வைத்தும், மறு பாதியை அவர்கள் வீட்டிலேயே வைத்தும் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். ஏழை எளியவர்கள் நெருக்கமாக வாழ்ந்த வீடுகள் அவை. குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் வரவும் இல்லை. உலகமே அதன் பிறகு வீட்டுச் சிகிச்சைக்கு மாறியது.

காரணம் என்ன? பரவ வேண்டியது பெரும்பாலும் நோய் என்று தெரியாமல் இருமிக்கொண்டிருந்த நாட்களிலேயே பரவிவிடுகிறது. சரியான மாத்திரை தொடங்கிய சில வாரத்தில் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே மாத்திரை சாப்பிடுகிறவரைக் கண்டு ஒதுங்குவதால் லாபம் இல்லை. அவர் மனைவியைக் கண்டு ஒதுங்குவதில் அர்த்தமே இல்லை. ஆனால் ஒரு நஷ்டம் உண்டு. ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்து அடுத்த வீட்டுக்காரர் இருமலை மறைப்பார்.

சாப்பாடும் மருந்துதான்

ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்து 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், காசநோயாளிகளின் வீட்டாருக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். கொடுக்காத வீடுகளோடு ஒப்பிட்டால் புதிதாக நோய் வந்தது 39 சதவீதம் குறைந்தது. பருப்பு, முட்டை, கடலை, கீரை, இவை மருந்துக்கு ஈடான காவல்.

சிகிச்சையில் இருக்கும் நோயாளிக்குச் சத்துணவுக்காக மத்திய அரசு 2018 ஏப்ரல் முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாய். வங்கிக் கணக்கில் வரும். கணக்கு எண் கொடுத்திருக்கிறார்களா, பணம் ஏறியதா என்று பார்க்க உதவுவது நம்ம குழுவுக்குப் பழக்கமான வேலைதான். சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

அந்தக் குழு என்ன செய்தது?

ஊக்குநர் அன்றைக்குக் கடனும் கொடுக்கவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "முதல்ல நாளைக்கு நர்ஸம்மாவைப் பார்ப்போம். நானும் வர்றேன்" என்றார். நகர்ந்து உட்கார்ந்தவர்களில் ஒருவரும் கூட வந்தார்.

குடும்பத்தில் எல்லாரையும் பரிசோதித்தார்கள். அந்த உறுப்பினருக்கும் பிள்ளைக்கும் நோய் இல்லை. தடுப்பு மாத்திரை தொடங்கினார்கள். மாமியாரைக் கேட்டபோது, "எனக்கென்ன, வயசான இருமல்தான். ரெண்டு மாசமா இருக்கு" என்றார். சளி எடுத்துப் பார்த்ததில் அவருக்குக் காசநோயே இருந்தது. அவருக்குத் தடுப்பு மாத்திரை இல்லை, முழு சிகிச்சை. "ஊருக்குத் தெரியணுமா"ன்னு கேட்டவர், பேரப்பிள்ளையைத் தினமும் பக்கத்தில் போட்டுத் தூங்கவைத்தவர். இன்று தன் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு, "பிள்ளைக்குக் குடுத்தியா?" என்று மருமகளை அவர்தான் கேட்கிறார்.

மூவாயிரம் கடன் வாங்கவே இல்லை. வட்டியும் மிச்சம்.

நினைவில் வைக்க

தொற்று என்றால் நோய் அல்ல. மறைநிலைத் தொற்று யாருக்கும் பரவாது.

தொற்றுப் பரிசோதனை நோயைச் சொல்லாது. நோயைச் சொல்வது சளியும் எக்ஸ்ரேயும்.

வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றால் எல்லாரும் பரிசோதனைக்குப் போக வேண்டும். முதலில் நோய் இல்லை என்று உறுதி, பிறகு தடுப்பு மாத்திரை.

ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு நாள் கடத்தக் கூடாது.

தொடங்கிய மாத்திரையைக் கணக்குப்படி முடிக்க வேண்டும்.

கூட்டத்தில் பேசுவோம்

1. நம்ம குழுக் குடும்பங்களில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவர் யாராவது இருக்கிறார்களா? "வயசான இருமல்", "பீடி இருமல்" என்று விட்டுவைத்திருக்கிறோமா?

2. கடந்த இரண்டு வருஷத்தில் காசநோய்ச் சிகிச்சை எடுத்த வீடு நம்ம தெருவில் உண்டா? அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பரிசோதித்தார்களா?

3. நகர்ந்து உட்கார்ந்த அந்த இரண்டு பேரின் இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்திருப்போம்?

பேசி முடித்ததும், யார் யாரை எந்தத் தேதியில் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போவது என்று முடிவு செய்யுங்கள். நோயாளியின் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டாம். அழைத்துப்போகிறவரின் பெயரையும் தேதியையும் மட்டும் எழுதினால் போதும்.